மரத்தளத்தின் மேலே ஒரு நெருப்புக் குழி!

"ஏட்டி, சுவரும் மரம், தரையும் மரம், கைப்பிடியும் மரம். இதுக்கு நடுவிலே நெருப்பையும் மூட்டி வச்சிருக்கியே, உனக்குப் பயமாவே இல்லையா?"

அமெரிக்காவில் என் தங்கை வீட்டுக்குப் போய் இறங்கிய முதல் வாரத்தில் நான் கேட்ட கேள்வி இது. தங்கை சிரித்தாள். "அக்கா, இங்க எல்லா வீட்டிலயும் இருக்கு. நீ சும்மா உட்கார்ந்து குளிர் காயேன்!" என்றாள்.

நானும் உட்கார்ந்தேன். குளிர் காய்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பத்தே நாளில், பயமா என்று கேட்ட நானே அந்த மரத்தளத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழக் காரணமாகிவிட்டேன்! அந்தக் கதையையும், அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதையும்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் மகளோ, தங்கையோ, நாத்தனாரோ அந்தப் பக்கம் குடித்தனம் நடத்தினால் இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2024 செப்டம்பரில் போனேன். வட கரோலினா மாநிலத்தில் ராலி நகரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஒன்பது வயது. சின்னவளுக்கு மூன்று வயது. "பெரியம்மா, பெரியம்மா" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றுவாள்.

அங்கே வீட்டின் பின்கதவைத் திறந்தால் நம் ஊர்த் திண்ணையைப் பெரிதாக்கிப் பின்புறம் வைத்த மாதிரி ஒரு தளம். தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் மரத்தூண்கள், அதன்மேல் பலகைகள், சுற்றிலும் மரக் கைப்பிடி. 'டெக்' என்கிறார்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் பகலில் நல்ல வெயில் அடித்தாலும் பொழுது சாய்ந்ததும் குளிர் உடம்பைக் குத்தும். அப்போதுதான் இந்த நெருப்புக் குழிக்கு வேலை. 'ஃபயர் பிட்' என்று பெயர். குழி என்றதும் தரையில் தோண்டியது என்று நினைக்காதீர்கள். நம் கும்முட்டி அடுப்பைப் பெரிதாக்கிக் கால் வைத்த மாதிரி ஓர் இரும்புக் கிண்ணம். அதில் விறகை அடுக்கிப் பற்றவைத்து, சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். பிள்ளைகள் மக்காச்சோளத்தை வாட்டித் தின்பார்கள். மார்ஷ்மெல்லோ என்று வெள்ளையாக, பஞ்சு போல ஒரு மிட்டாய். அதைக் குச்சியில் குத்திச் சுடுவார்கள்.

தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பாடம் படித்த எனக்கு, அந்த வெளிச்சத்தில் தங்கையின் முகத்தைப் பார்த்தபோது அம்மா ஞாபகம் வந்துவிட்டது. கையில் செல்போன் இல்லாமல் நாலு பேர் ஒன்றாக உட்கார வேண்டுமென்றால், நெருப்பைப் போல ஓர் இடம் கிடையாது.

நான் செய்த தப்பு

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். நெருப்பு தானாக அடங்கிச் சாம்பல் பூத்தது. எல்லோரும் படுக்கப் போய்விட்டோம்.

மறுநாள் காலை நான்தான் முதலில் எழுந்தேன். கிண்ணத்தில் சாம்பல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. சும்மா இருக்க முடியுமா? 'ரோஜாச் செடிக்குப் போடலாமே' என்று பிள்ளைகள் மணல் அள்ளி விளையாடும் பிளாஸ்டிக் வாளியை எடுத்து, அதில் சாம்பலை வழித்துப் போட்டேன். மேலாகத் தொட்டும் பார்த்தேன், சில்லென்றுதான் இருந்தது. வாளியைத் தளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு இட்லி ஊற்ற உள்ளே போனேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. முதலில் அடுப்பைப் பார்த்தேன், பிறகு மிக்ஸியைப் பார்த்தேன். கடைசியில் ஜன்னல் வழியாகப் பார்த்தால்... வாளியின் அடிப்பாகம் உருகிப் பலகையோடு ஒட்டியிருக்கிறது! அதைச் சுற்றிப் பலகை கறுத்து, மெல்லிசாகப் புகை. காற்று கொஞ்சம் வீசினால் நடுவில் சிவப்பாக மின்னுகிறது. அதைவிட என் வயிற்றைக் கலக்கியது வேறொன்று. சின்னவள் பின்கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "பெரியம்மா, என் வாளி!" என்று கதவுப் பிடியை எட்டிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கித் தங்கை கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக் குழாயைத் திறந்து தண்ணீர் அடித்தேன். அணைந்தது. ஒரே ஒரு பலகையோடு போயிற்று. ஆனால் அன்று முழுக்க எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. சின்ன வயதிலிருந்து விறகடுப்பைப் பார்த்தவள் என்ற எண்ணம்தான் என்னை ஏமாற்றியது. எங்கள் ஊரில் சாம்பலை மண்தரையில் கொட்டுவோம். உள்ளே கங்கு இருந்தாலும் மண் அதை விழுங்கிவிடும். மரத்தளம் விழுங்காது, சேர்ந்து எரியும்!

மேலே ஆறிப்போன சாம்பல், அடியில் இருக்கும் கங்குக்குப் போர்வை மாதிரி. காற்றுப் படாமல் மூடி வைத்திருப்பதால் அது அணைவதில்லை, உறங்குகிறது. ஒரு நாள் அல்ல, சில நாள்கூட அப்படியே உறங்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எரிகிற நெருப்பைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். அணைந்தது என்று நினைக்கிற நெருப்புதான் ஆளைச் சுடும்.

தங்கை வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மதினி, தப்பு உங்க மேல மட்டும் இல்லை. நாங்க எதையும் அளந்து பார்க்காமலே வாங்கிப் போட்டுட்டோம்" என்று சொல்லி, சாயங்காலமே அளவு டேப்பை எடுத்தார். அதன் பிறகு நடந்தவைதான் உங்களுக்கு உபயோகமானவை.

முதலில் டேப், பிறகு தீப்பெட்டி

அவர்கள் தளம் 20 அடி நீளம். சுவரிலிருந்து வெளியே 14 அடி அகலம். பார்க்கப் பெரிதாகத்தான் தெரியும். விறகு எரிக்கும் குழி வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. 14 அடியில் 10 அடி போனால் மீதி 4. கிண்ணத்தின் அகலம் இரண்டரை அடி. அதையும் கழித்தால் மரக் கைப்பிடிக்கும் நெருப்புக்கும் நடுவில் மிச்சம் ஒன்றரை அடிதான்! சுவரைக் காப்பாற்றப் போனால் கைப்பிடி எரியும், கைப்பிடியைக் காப்பாற்றப் போனால் சுவர் எரியும். இந்தச் சின்னக் கழித்தல் கணக்கை வாங்கும்போதே போட்டிருந்தால் அந்தக் கிண்ணம் மாடி ஏறியே இருக்காது.

சுவர் என்றால் நம் செங்கல் சுவர் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே பல வீடுகளுக்கு வெளிப்புறம் வினைல் என்னும் பிளாஸ்டிக் பட்டைகளைத்தான் அடித்திருக்கிறார்கள். தீப்பிடிக்கக்கூட வேண்டாம், பக்கத்தில் சூடு பட்டாலே வளைந்து தொங்கிவிடும்.

மேலேயும் பார்க்க வேண்டும். கூரை நீட்டம், பந்தல், துணிக்குடை, மரக்கிளை, தொங்கவிட்ட பூந்தொட்டி எதுவும் நெருப்புக்கு மேலே வரக்கூடாது. மூன்று பக்கம் அடைத்த வராந்தாவில் மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு தேங்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகும்.

அங்கே பல மாநிலங்கள் தழுவியுள்ள சர்வதேசத் தீயணைப்பு விதித் தொகுப்பில், கொல்லையில் தரையில் மூட்டும் திறந்த நெருப்பு 3 அடி அகலத்துக்கும் 2 அடி உயரத்துக்கும் மேல் போகக்கூடாது, கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஊருக்கு ஊர் இது மாறும். சில குடியிருப்புகளில் வீட்டுக்காரர்கள் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். அந்த ஊர்த் தீயணைப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் சந்தேகமே இல்லை.

கல்லால் கட்டினால் என்ன?

"இரும்புக் கிண்ணம் பார்க்க நல்லாவே இல்லை. வட்டமா கல் அடுக்கிக் கட்டிடலாமா?" என்று தங்கைக்கு ஓர் ஆசை. படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

அங்கே மரத்தளங்களைச் சாதாரணமாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 18 கிலோ பாரம் தாங்கும்படி கட்டுகிறார்கள். 3 அடி வட்டம் என்றால் ஏறக்குறைய 7 சதுர அடி. அந்த இடத்துக்கான கணக்கு 125 கிலோ சொச்சம்தான். ஒரு கல் 10 கிலோ என்று வைத்தாலும் 50 கல் அடுக்கினால் 500 கிலோ! அதைச் சுற்றி எட்டுப் பேர் வேறு நாற்காலி போட்டு உட்காருவார்கள். அடியில் தனியாகத் தூணும் அஸ்திவாரமும் போட்டு, விவரம் தெரிந்த பொறியாளர் கையெழுத்திட்டால் ஒழிய, மரத்தளத்தின்மேல் கல்குழி வேண்டவே வேண்டாம். கல்லின்மேல் ஆசை இருந்தால் கீழே இறங்கி மண்ணில் கட்டிக்கொள்ளலாம்.

அப்படிக் கட்டும்போது இன்னொன்று. ஆற்றங்கரையில் கிடக்கும் வழவழப்பான கூழாங்கல்லை அழகுக்காக நெருப்புக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். அதற்குள் ஈரம் ஊறியிருக்கும். சூடு ஏறினால் அது நீராவியாகிக் கல் பட்டென்று வெடிக்கும், சில்லு கண்ணில் தெறிக்கும். சூடு தாங்கும் செங்கல்லைத்தான் உள்வரிசையில் வைக்க வேண்டும்.

விறகா, எரிவாயுவா?

விறகுக்கு வாசம் உண்டு, சடசடவென்று பேச்சு உண்டு. கூடவே பொறியும் உண்டு, புகையும் உண்டு. பொறி பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகக் கீழே விழும். தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அன்று டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு வருஷத்துக் காய்ந்த சருகு! மேலே உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டு, கீழே அடுப்புக்குச் சுள்ளி அடுக்கி வைத்திருந்திருக்கிறோம். அன்றைக்கே பெருக்கி எடுத்து ஐந்து மூட்டை கட்டினோம்.

எரிவாயுக் குழியில் பொறியும் சாம்பலும் கிடையாது. வேண்டும்போது திருகினால் எரியும், வேண்டாமென்றால் நிறுத்தலாம். பார்க்க ஒரு மேஜை மாதிரி இருக்கும், நடுவில் சுடர் வரும். அங்கே இதற்குப் புரொப்பேன் சிலிண்டர். 20 பவுண்டு, அதாவது 9 கிலோ எரிவாயு. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைவிடச் சின்னது. நடுத்தரமான குழியில் ஏறத்தாழ எட்டு, ஒன்பது மணி நேரம் வரும்.

ஆனால் கேஸ் என்றதும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் காற்றுத் துளைகளைத் துணியாலோ பூந்தொட்டியாலோ அடைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை சிலிண்டர் மாற்றும்போதும் சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு. நம் ஊர் அடுப்புக்கும் இதே பரீட்சைதான்.

மேலே பரப்பும் எரிமலைக் கல்லோ கண்ணாடிக் கல்லோ இதற்கென்றே விற்பதாக இருக்கட்டும். மழையில் நனைந்திருந்தால் நன்றாகக் காயவிட்டுப் பற்றவையுங்கள். கறியோ சோளமோ அதன்மேல் வாட்டாதீர்கள். எண்ணெய் சொட்டித் துளை அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. மேஜைமேல் வைக்கும் சின்னக் கிண்ணம், அதில் ஆல்கஹால் ஊற்றி எரிப்பது. அழகுப் பொருள் மாதிரி பரிசாகக்கூடக் கொடுக்கிறார்கள். இதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால் பாட்டிலிலிருந்து தீ பீறிட்டு எதிரே இருப்பவர் மேல் பாயும். நான் ஊர் திரும்பிய அந்த 2024 டிசம்பரிலேயே, இப்படித் திரவம் ஊற்றி எரிக்கும் குழிகளை உடனே நிறுத்துங்கள் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. 2019 முதல் 2 பேர் இறந்ததும், குறைந்தது 60 பேர் காயப்பட்டதும் அதில் சொல்லப்பட்டிருந்தது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விறகுக் கிண்ணத்தைக் கீழே இறக்கி, வீட்டிலிருந்து 25 அடிக்கு அப்பால் புல்லை வெட்டி எடுத்துச் சரளை பரப்பி வைத்தோம். மரத்தளத்துக்கு இரண்டரை அடி அகல எரிவாயுக் குழி ஒன்று வாங்கினோம். அதோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எவ்வளவு இடைவெளி வேண்டும், மரத்தளத்தின்மேல் வைக்கலாமா என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதைவிட ஓர் அடி கூடவே விட்டோம். வாங்கும்போது அந்தப் பக்கத்தைக் கடையிலேயே படித்துவிடுங்கள். மரத்தளத்துக்கு ஆகாது என்று எழுதியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பலகைக்கும் நெருப்புக்கும் நடுவில்

எந்தக் குழியானாலும் பலகையின்மேல் நேராக உட்காரக் கூடாது. கால் வைத்ததாக இருந்தால் அடியில் காற்று ஓடும். அதன் கீழே தீப்பிடிக்காத விரிப்போ, சிமெண்டுப் பலகையோ போட வேண்டும். குழியைவிட நாலு பக்கமும் ஒன்றிரண்டு அடி அதிகமாக இருந்தால் நல்லது. ரப்பர் பாய், பிளாஸ்டிக் கம்பளம் உதவாது. இப்போது பல தளங்கள் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகைதான். அது எரிவதற்கு முன்பே இளகிக் குழி விழுந்துவிடும்.

கருகிய பலகையை மாற்றினோம் என்றேனே, பழைய துண்டைக் கீழ்க் கிண்ணத்தில் போட்டு எரிக்கலாம் என்று தூக்கிக்கொண்டு போனேன். தங்கை வீட்டுக்காரர் ஓடிவந்து பிடுங்கினார். பூச்சி அரிக்காமல் இருக்க அந்த மரத்துக்குள் மருந்து ஏற்றியிருப்பார்களாம். 2003-ஆம் ஆண்டு முடியும்வரை வீட்டு உபயோகத்துக்கு வந்த பலகைகளில் அந்த மருந்தில் ஆர்செனிக் விஷமே கலந்திருந்தது. புதுசோ பழசோ, மருந்து ஏற்றிய மரத்தையும் பெயிண்ட் அடித்த மரத்தையும் எரிக்கக் கூடாது. புகையும் விஷம், சாம்பலும் விஷம். ஓக், ஹிக்கரி போன்ற கெட்டி மரங்களை நன்றாகக் காயவைத்து எரித்தால் புகை குறையும். பைன் மரம் பிசின் உள்ளது, பொறி பறக்கும்.

புகை குறைந்தது என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. கைக்குழந்தை, கர்ப்பிணி, இளைப்பு உள்ளவர்கள் விறகு நெருப்புப் பக்கம் உட்கார வேண்டாம்.

இனி அழகு

தூரம் சரியாக அமைந்த பிறகு அழகு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன்.

சுற்றிலும் முழு வட்டமாக நாற்காலி போடாமல் அரைவட்டமாகப் போட்டோம். படிக்கட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். ஏதாவது ஒன்று என்றால் யாரும் நெருப்பைத் தாண்டாமல் இறங்கி ஓடலாம். நாற்காலிக்கும் குழிக்கும் நடுவில் 3 அடி.

நாற்காலி கனமான மரத்தில். லேசான பிளாஸ்டிக் நாற்காலியைப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டே முன்னால் போய்விடும். மெத்தைகளைக் காவிநிறப் பருத்தி உறையில் தைத்துக் கொடுத்தேன். தையல் கூலி மிச்சம்! எழுந்து போகும்போது அவற்றை உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும்.

கைப்பிடி ஓரமாக மண்தொட்டிகளில் சாமந்தி. அங்கே அக்டோபரில் மஞ்சளும் அரக்குமாகப் பூத்துக் குலுங்குகிறது. காய்ந்த பூங்கொத்து, வைக்கோல் பொம்மை போன்ற அலங்காரம் நெருப்பிருக்கும் இடத்தில் வேண்டாம்.

படிகளில் சின்ன மின்விளக்குகள். நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குத் திடீரென்று படி தெரியாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கோலம். குழியைச் சுற்றி 3 அடி தள்ளி, பலகையின்மேல் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டக் கோடு இழுத்து, அதன் வெளிப்பக்கம் இதழ் இதழாகப் போட்டேன். சின்னவளிடம், "இது லட்சுமணன் கோடு. பெரியம்மாகூடத் தாண்ட மாட்டேன்" என்றேன். இரண்டே நாளில், சுடர் எரியாத பகலிலும் அவள் அந்தக் கோட்டில் வந்து நிற்கப் பழகிவிட்டாள். தீபாவளிக்கு வந்த அடுத்த வீட்டு அம்மாள் பார்த்துவிட்டுத் தன் வீட்டிலும் போட்டுத் தரச் சொன்னார். ஆனால் கோடு காவலாகாது. கண் தெரிந்த பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். சுடர் அணைந்த பிறகும் இரும்பு வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். குழந்தையின் கை அதைத்தான் முதலில் தொடும்.

உடுப்பும் முதலுதவியும்

நைலான், பாலியெஸ்டர் புடவை நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தொளதொளவென்று இருந்தால் சட்டென்று பற்றும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். கம்பளிச் சால்வை மற்றவற்றைவிடத் தேவலை.

பக்கத்தில் தண்ணீர்க் குழாய், ஒரு வாளி மணல், தீயணைக்கும் உருளை, இந்த மூன்றும் தயாராக இருக்க வேண்டும். எரிவாயு நெருப்பானால் முதலில் வால்வை மூடுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் மூட்டவே வேண்டாம்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடி உருள வேண்டும். பெரியவனுக்கு இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அவன்தான் உருண்டு காட்டினான்!

சுட்டுக்கொண்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வீக்கம் வருமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். ஐஸ், இட்லி மாவு, பற்பசை, மஞ்சள், வெண்ணெய், இங்க் எதுவும் தடவ வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கை, முகம், மூட்டு என்றாலோ, பட்டது குழந்தை என்றாலோ ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். அங்கே 911, நம் ஊரில் 108.

சாம்பலுக்கு ஒரு வீடு

இப்போது கீழே விறகு மூட்டும் நாட்களில் எங்கள் வழக்கம் இது. படுக்கப் போவதற்கு அரைமணி முன்பே விறகு போடுவதை நிறுத்திவிட வேண்டும். அடங்கியதும் சற்றுத் தள்ளி நின்று தண்ணீரைத் தெளித்து ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் நிற்கும்வரை விடக்கூடாது. அதற்குப் பிறகும் சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும். அந்த வாளி வீட்டிலிருந்தும் தளத்திலிருந்தும் 10 அடி தள்ளி, மண்தரையில் இருக்கும். நாலு நாள் கழித்துத்தான் செடிக்கு. அதுவும் ஒரு கைப்பிடி போதும். அங்கே நிறைய வளரும் அசேலியா போன்ற, புளிப்பு மண் கேட்கும் செடிகளுக்குச் சாம்பல் ஆகாது.

இதைப் படிக்கும் பலர் வீட்டில் மரத்தளமும் இல்லை, நெருப்புக் குழியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் போகி நெருப்பு உண்டு, கொல்லையில் வெந்நீர் அடுப்பு உண்டு, சாம்பிராணித் தணல் உண்டு. இவற்றின் சாம்பலைப் பிளாஸ்டிக் கூடையில் கொட்டும் கை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். என் கையைப் போல, நல்லது செய்வதாக நினைக்கும் கை!

போன வாரம் தங்கை போனில் பேசினாள். எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில், "அக்கா, சாம்பல் வாளியைத் திறந்து நாலு நாளாச்சான்னு சின்னவ விரல் விட்டு எண்ணுறா. எண்ணி முடிச்சாத்தான் ரோஜாவுக்குப் போட விடுறா" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "எண்ணட்டும், நல்லா எண்ணட்டும்" என்றேன்.